பாளையங்கோட்டை ஜன்னல்

குட்டந்துறையில், பார்க்க அழகாக இருந்து வேலைக்கு ஆகாத எந்தப் பொருளுக்கும் ஒரே பெயர்தான், பாளையங்கோட்டை ஜன்னல். வாங்கிய மறுநாளே எரியாமல் போன டியூப் லைட் பாளையங்கோட்டை ஜன்னல். ரெண்டு துவைப்பில் சாயம் போன சேலை பாளையங்கோட்டை ஜன்னல். கோயில் பங்குப் பேரவைக்குப் புதிதாக வந்த செயலாளர் கூட்டத்தில் வாயைத் திறக்கவே மாட்டேன் என்கிறார் என்று அவருக்கும் அதே பெயரை வைத்தார்கள். ஊருக்கென்ன, பேர் வைக்கக் காசா பணமா? சொல்லுகிறவன் சிரிப்பான், கேட்கிறவனும் சிரிப்பான். அந்தோணியார் தெருவில் இதற்குச் சிரிக்காதவள் ஒருத்தி உண்டு. அம்புரோஸ் வீட்டு மருமகள் ஸ்டெபி. அந்த ஜன்னல்கள் அவள் பிறந்த வீட்டுச் சீர்.

முதலில் இருந்து சொன்னால்தான் விளங்கும். அம்புரோசின் ஒரே மகன் ரெக்சன் கப்பலில் வேலை பார்க்கிறான். பாளையங்கோட்டையில் படித்த காலத்தில் ஸ்டெபியைப் பார்த்துப் பிடித்துப்போய், ரெண்டு வீட்டிலும் மல்லுக்கட்டித்தான் கல்யாணம் முடித்தான். இவர்கள் மாதாவைக் கும்பிடுகிறவர்கள், அவர்கள் கும்பிடாதவர்கள். இவர்களுக்கு மீன் தொழில், அவர்களுக்கு மீன் சனிக்கிழமைக் குழம்பு. சம்பந்தம் பேச வந்த அன்று ஸ்டெபியின் அப்பா, ரிட்டயர்டு வாத்தியார் தேவசிகாமணி, கடல் இரைச்சலில் எதிராளி பேசுவது கேட்காமல் கையைக் காதுக்கு அணை கொடுத்தபடியே உட்கார்ந்திருந்தார். அம்புரோசின் மனைவி பவுலின் அதை இன்றைக்கும் நடித்துக் காட்டுவாள்.

பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு ரெக்சன் கடலைப் பார்த்து மாடி வீடு கட்டியபோது, வெளிநாட்டுத் துறைமுகங்களில் பார்த்த மாதிரி ரெட்டைக் கண்ணாடி ஜன்னல்தான் வேண்டும் என்று நின்றான். ஸ்டெபியின் அண்ணன் கிங்ஸ்லிக்குப் பாளையங்கோட்டையில் அதே வேலை. வெள்ளைச் சட்டம் அறுத்து, ரெண்டு கண்ணாடிக்கு நடுவில் காற்றை அடைத்து, கீலும் கைப்பிடியும் பூட்டி ஜன்னல் கதவு செய்து கொடுக்கிற பட்டறை வைத்திருக்கிறான். தங்கச்சிக்குக் கல்யாணத்தில் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை என்று அவனுக்கு ஒரு குறை. "ஃப்ரிட்ஜ், கட்டில்னு யாரு வேணும்னாலும் குடுப்பாவ. அவ வீட்டு ஜன்னல் கதவெல்லாம் என் கையால செஞ்சது" என்று சீராகவே கொண்டுவந்து இறக்கினான்.

வீடு மந்திரிக்கிற அன்று சாமியார் தீர்த்தம் தெளித்து முடித்ததும் கிங்ஸ்லி ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்தினான். கடைசி ஜன்னலின் கைப்பிடியைத் திருகியதும் கடல் நின்றுபோயிற்று. வெளியே அலை எழும்பி விழுவது தெரிகிறது, சத்தம் இல்லை. அடுத்த வீட்டு இன்பமணி கண்ணாடியில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "சேசு மரி சூசை! கடலையே வாயப் பொத்திட்டானே இந்தப் பய" என்றாள். அன்றைக்குக் கிங்ஸ்லிதான் மாப்பிள்ளை மாதிரி இருந்தான்.

அடுத்த வருஷம் கச்சான் காற்று அடித்து ஓய்வதற்குள் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டது. முதலில் அடுக்களை ஜன்னல். அப்புறம் கூடத்துப் பெரிய ஜன்னல். கைப்பிடி பாதி திரும்பும், மீதி திரும்பாது. திறந்தால் மூடாது, மூடினால் திறக்காது. கீல் பக்கம் அழுத்தினால் கிறீச்சென்று கத்தும். கிங்ஸ்லி ஒரு தடவை வந்து புதுக் கைப்பிடி மாட்டினான். அதுவும் பிடித்துக்கொண்டது. அன்று அடுக்களையில் தாளிப்புப் புகைக்கு நடுவே நின்றுகொண்டு, எதிர்வீட்டுக்காரிகள் கேட்கிற மாதிரி பவுலின் சொன்ன சொல்தான் அது.

"பாளையங்கோட்டை ஜன்னல்லா. பாக்கத்தான் பவுசு, தொறக்க ஆகாது."

மருமகள் அப்போது பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சொல் தெருவில் இறங்கியது. தெருவில் இருந்து மீன் ஏலம் போடுகிற கடற்கரைக்குப் போனது. திசையன்விளையில் ஸ்டெபி வேலை பார்க்கிற பள்ளிக்கூடம் வரைக்கும் போய், டீச்சர்கள் அறையில் பீரோ திறக்கவில்லை என்றால் யாராவது அதைச் சொல்லிவிட்டு, ஸ்டெபி இருப்பதைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொள்கிற அளவுக்கு வந்தது. ஜன்னலுக்கு வைத்த பேர் பைய அவளுக்கே ஆகிவிட்டது.

ஆனி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அவள் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"நாளைக்கு நீயே வா. வேலையாள அனுப்பாத. வந்து எல்லாத்தையும் சரிபண்ணு. இல்லேன்னா வந்த வண்டியிலயே என்னையும் பிள்ளையையும் ஏத்திக்கிட்டுப் போயிரு. என்னால முடியல, அண்ணே."

மறுநாள் கிங்ஸ்லி வந்து இறங்கியபோது கச்சான் ஆளைத் தள்ளியது. தேரி மணல்மேட்டில் இருந்து செம்மண் பறந்து, மதில், மாட்டுத் தொட்டி, காயப்போட்ட துணி எல்லாவற்றிலும் படிந்திருந்தது. பவுலின் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். உடன்குடிக் கருப்பட்டி, சுக்குத் தட்டிப் போட்டது. உபசாரத்தில் அவளை ஒரு குறை சொல்ல முடியாது. வாய்தான்.

"குடியும், தம்பி. உம்ம ஜன்னல் மாதிரி இல்ல, காப்பி தொண்டையில நிக்காம எறங்கும்."

கிங்ஸ்லி தலையைக் குனிந்துகொண்டு குடித்தான். ஸ்டெபி கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள். அவள் ஒன்றரை வயதுக் குழந்தை அபிஷா, பவுலினின் இடுப்பில் இருந்து மாமன்காரனை முறைத்துப் பார்த்தது. "வா, உனக்குக் கஞ்சியக் குடுத்து மேல தூங்கப் போடுதேன். இங்கன இனி தட்டுமுட்டுன்னு சத்தமா இருக்கும்" என்று கிண்ணத்தையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு பவுலின் மாடிக்குப் போனாள். மொட்டைமாடியில் ஏசி போட்ட ஒற்றை அறை இருக்கிறது, ரெக்சன் லீவில் வந்தால் தங்குவதற்கு. அதற்கும் கிங்ஸ்லியின் கண்ணாடிக் கதவுதான், பக்கத்திலேயே இடுப்பு உயரத்தில் ஒரு ஜன்னல். வேறு வழி கிடையாது.

கிங்ஸ்லி கூடத்து ஜன்னலின் கைப்பிடியைக் கழற்றினான். சட்டத்தின் விளிம்பில் நீளமாக ஒரு இரும்புப் பட்டை ஓடும். கைப்பிடியைத் திருகினால் அந்தப் பட்டை மேலும் கீழும் நகர்ந்து நாலு இடத்தில் கொண்டி மாதிரி மாட்டிக்கொள்ளும். ஜன்னலின் உயிர் அதில்தான். அதை இழுத்தான், வரவில்லை. தட்டினான், வரவில்லை. ஸ்க்ரூ டிரைவரை விட்டுச் சுரண்டியபோது பழுப்பு நிறத்தில் ஒன்று உரிந்து வந்தது. துரு இல்லை. காய்ந்த பசை மாதிரி, செம்மண் சேர்ந்து கெட்டித்துக் கிடந்தது. மூக்கருகே கொண்டுபோனான். கவிச்சி வாடை.

"என்ன மாப்ளை, உசுரு இருக்கா அதுக்கு?" என்றபடி அம்புரோஸ் வந்து பக்கத்தில் குந்தினார். முன்பு வள்ளம் வைத்திருந்தவர். நெஞ்சில் ஆபரேஷன் ஆன பிறகு கடலுக்குப் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பனியன் கழுத்துக்கு மேலே தழும்பின் நுனி தெரியும்.

"இது என்னன்னு பாக்குதேன், மாமா. நம்ம கிரீஸ் இல்ல இது."

அம்புரோஸ் முகம் மலர்ந்துபோயிற்று. "எங்கன கிரீசு? சாளை நெய்யில்லா! உப்புக் காத்துக்கு அதவிட மருந்து உண்டுமா? வாரம் தவறாம எல்லா ஜன்னலையும் தொறந்து, கோழியெறகுல முக்கி, கீலு, கொண்டி, அந்தப் பட்ட ஓடுத சந்து, ஒண்ணு விடாமத் தடவி வைப்பேன். ஸ்டெபி பள்ளிக்கூடம் போன பொறவு, கவிச்சி அந்தப் பிள்ளைக்கு ஆகாதுல்லா. தொறக்காத ஜன்னலா இருந்தா இன்னும் ரெண்டு கை கூடவே ஊத்துவேன். எங்க அப்பா காலத்துல இருந்து வள்ளத்துக்கு அதத்தானே பூசுதோம். சொன்னா வருத்தப்படாதீரும், மாப்ளை, நான் இம்புட்டுப் பாக்காம விட்டிருந்தா உம்ம சாமான் என்னைக்கோ போயிருக்கும்."

கிங்ஸ்லிக்கு நெஞ்சுக்குள் ஒன்று அவிழ்ந்த மாதிரி இருந்தது. சிரிக்கலாமா அழலாமா என்றே தெரியவில்லை. சாளை மீனை உருக்கி எடுக்கிற அந்த நெய்யைப் பலகையில் பூசினால் காய்ந்து தோல் மாதிரி பிடித்துக்கொள்ளும், தண்ணீரை உள்ளே விடாது. அதற்காகத்தான் வள்ளத்துக்குப் பூசுகிறார்கள். இரும்பு நகர வேண்டிய சந்தில் அது காய்ந்தால் பூட்டுப்போட்ட மாதிரிதான். அதன்மேல் தேரி மண் வேறு. இத்தனை நாளும் ராத்திரி படுத்தால் தூக்கம் வராமல், எந்தக் கம்பெனிச் சாமானை நம்பி மோசம் போனோம் என்று அவன் தன்னையே நொந்துகொண்டிருந்தான். "மாமா, அது வந்து..." என்று வாயெடுத்தான்.

அப்போது கரண்ட் போயிற்று. மின்விசிறி நின்ற கொஞ்ச நேரத்தில் ஸ்டெபியின் போன் அடித்தது. எடுத்தவள் "என்ன மாமி, மேலதானே இருக்கிய?" என்றாள். பிறகு அவள் முகம் வெளுத்துவிட்டது.

"கதவு தொறக்க மாட்டேங்குதாம். கைப்பிடி கையோட வந்துட்டாம். உள்ள பிள்ள இருக்கு, அண்ணே."

கிங்ஸ்லி கருவிப் பெட்டியையும் தூக்கிக்கொள்ள, மூன்று பேரும் ஓடினார்கள். மொட்டைமாடித் தளம் காலைச் சுட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பவுலின் ஒரு கையில் உடைந்த கைப்பிடியும் இடுப்பில் குழந்தையுமாக நின்று ஏதோ கத்திக்கொண்டிருந்தாள். வாய் அசைகிறது, ஒரு சொல் வெளியே வரவில்லை. குழந்தை வாயைப் பிளந்து அழுகிறது, அதுவும் கேட்கவில்லை. உச்சி வெயில் நேராக அந்தக் கண்ணாடியில் இறங்கிக்கொண்டிருந்தது. ஏசி நின்றுவிட்டது. அம்புரோஸ் மூலையில் கிடந்த கடப்பாரையைத் தூக்கிவிட்டார்.

"மாமா, வேண்டாம். ரெண்டு கண்ணாடி, அடிச்சா மொத்தமும் சிதறும். அத்துனூண்டு ரூம்பு, ஒதுங்க எடம் கெடையாது. பிள்ள கண்ணுல தெறிச்சிட்டுன்னா என்ன செய்ய? எனக்குக் கொஞ்சம் நேரம் குடுங்க. முடியலேன்னா நானே ஒடைக்கேன்."

"கொஞ்ச நேரம்னா எம்புட்டு நேரம்வே? உள்ள வெந்துருவாவ!" அம்புரோஸ் இரைத்தார். ஸ்டெபி கடப்பாரையைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு, "நீங்க மொதல்ல உக்காருங்க, மாமா" என்று அவரைத் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார வைத்தாள். கிங்ஸ்லி அவளுடைய போனைக் காதில் வைத்தான்.

"மாமி, கிங்ஸ்லி பேசுதேன். பதறாதிய. பிள்ளையத் தரையில விடுங்க, தரை குளுந்தாப்பல இருக்கும். ஜன்னல் பக்கம் வாங்க. கண்ணாடியச் சுத்தி வெள்ளையா ஒரு பட்டி ஓடுதுல்லா? அதுதான் கண்ணாடியப் பிடிச்சிக்கிட்டு நிக்கி. அத உள்ள இருந்துதான் கழத்த முடியும்."

"அத ஏன் உள்ள வச்சீரு? வெளிய வச்சிருந்தா நீரு கழத்தியிருப்பீருல்லா?"

"வெளிய வச்சா திருடன் கழத்திருவான், மாமி."

"இப்ப நீருதான் திருடன்" என்றாள் பவுலின். மூச்சு வாங்கிக்கொண்டு இருக்கும்போதும் அந்த வாய் அடங்கவில்லை. "என்னத்த வச்சிக் கழத்த?"

"கஞ்சிக் கரண்டி இருக்கா? அதோட காம்ப மூலையில விட்டு, நடுவாக்குல பைய நெம்புங்க. பட்டி வில்லா வளஞ்சு வரும்."

முதல் தடவை கரண்டி வழுக்கிக் கையைக் கிழித்தது. பவுலின் கையை உதறிவிட்டு, சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் விட்டாள். இத்தனை வருஷம் நண்டுக்கால் உடைத்த கை. ஒரு பட்டி துள்ளிக்கொண்டு வந்தது. அவள் வேர்வை தாடையில் இருந்து சொட்டுவது தெரிந்தது. குழந்தை தரையில் புரண்டு அழுது, அழுகை தேய்ந்து சிணுங்கலாகி, இப்போது வெறுமனே கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தது. "அபி, அபிக்குட்டி, அம்மாவப் பாரு" என்று ஸ்டெபி கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

ரெண்டாவது பட்டியை எடுத்ததும் பவுலின் நின்றுவிட்டாள். கண்ணாடியோடு முகத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு கிங்ஸ்லியைப் பார்த்தாள். போனில் குரல் மட்டும் இறங்கி வந்தது.

"தம்பி, கீழ கூடத்து ஜன்னலக் கழத்திட்டீரா?"

"கழத்திட்டேன், மாமி. நீங்க மேல்பட்டிய எடுங்க."

"உள்ள இருந்தது என்னன்னு தெரிஞ்சிட்டா?"

கிங்ஸ்லி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு ஸ்டெபியைத் திரும்பிப் பார்த்தான்.

"எனக்கு மொதல்லயே தெரியும். ஒருநா அடுக்களை ஜன்னலக் கத்தியால சொரண்டிப் பாத்தேன், எல்லாம் அவுக எண்ணெய். நீரு அவுககிட்டச் சொல்லிராதீரும், உம்மக் கையெடுத்துக் கும்பிடுதேன். ஆபரேசனுக்குப் பொறவு சுவரப் பாத்துப் படுத்த மனுசன். சோறு வேண்டாம், பேச்சு வேண்டாம், செத்தவன் மாதிரி கெடந்தாவ. எந்திச்சு நின்னதே இந்த ஜன்னலத் தொடைக்கத்தான். மகன் வீட்ட நாந்தான் பாத்துக்கிடுதேன்னு ஒரு நெனப்பு. அந்த நெனப்புலதான் உசுரு ஓடுது. தன் கையாலதான் கெட்டுதுன்னு தெரிஞ்சா அந்த நெஞ்சு தாங்காது."

"அப்ப ஸ்டெபி?" என்றான் கிங்ஸ்லி.

பேர் காதில் விழுந்து ஸ்டெபி திரும்பினாள். "என்னண்ணே, என்னையச் சொல்லுதாவளா?"

"இல்ல. பிள்ளையத்தான்" என்றான்.

பவுலின் கண்ணாடியில் இருந்து முகத்தை எடுத்தாள். கரண்டியை மேல்பட்டியில் விட்டு நெம்பினாள். கடைசிப் பட்டியும் வந்ததும், கிங்ஸ்லி கண்ணாடி தூக்குகிற ரப்பர்க் கிண்ணத்தை வெளிப்பக்கத்தில் ஒட்டி அழுத்திப் பிடித்துக்கொண்டான். "மெத்தைய இழுத்துக் கீழ போடுங்க. ஒதுங்கிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியை உள்பக்கம் சாய்த்துப் பைய இறக்கினான். கண்ணாடி மெத்தையில் படுத்ததும் உள்ளே இருந்த சூடு அடுப்பைத் திறந்த மாதிரி முகத்தில் அடித்தது. கூடவே சத்தமும் வந்தது, பவுலின் மூச்சிரைப்பு, குழந்தையின் முனகல். ஸ்டெபி ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை உள்ளே விட்டுப் பிள்ளையை வாங்கினாள். காற்று பட்டதும் அபிஷா ஒரு கத்து கத்தியது. அந்த அழுகையைக் கேட்டுத்தான் அம்புரோசும் அழுதார்.

அதற்குள் தெரு கூடிவிட்டது. அதே ஜன்னல் வழியாகப் பவுலினையும் வெளியே இறக்கி, கீழே கூடத்தில் உட்கார வைத்து மோர் கொடுத்து, ஆளாளுக்கு விசிறினார்கள். பிள்ளைக்கு ஈரத்துணி போட்டுத் துடைத்து, அது ரெண்டு வாய் தண்ணீர் குடித்ததும்தான் ஸ்டெபிக்கு உயிர் வந்தது. இன்பமணி எல்லோருக்கும் முன்னால் நின்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப என்னதாந் தம்பி கோளாறு? ஒரு உசுரு போகப் பாத்துதே. சொல்லும், கேப்போம்."

கிங்ஸ்லி அம்புரோசைப் பார்த்தான். அவர் பேத்தியின் பாதத்தை ஊதிக்கொண்டிருந்தார். பவுலின் மோரைக் குடிக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் சாமான்தான் சரியில்ல" என்றான் கிங்ஸ்லி. "உப்புக் காத்துக்குத் தாங்காத சாமானப் போட்டுட்டேன். எல்லாத்தையும் மாத்திக் குடுத்துருதேன்."

"அதான் ஊரே சொல்லுதே" என்றாள் இன்பமணி. பின்னால் யாரோ அந்தப் பேரை முணுமுணுக்க, ரெண்டு மூன்று பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். அம்புரோஸ் மட்டும், "விடும், மாப்ளை. தொழில்னா முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும்" என்று அவன் தோளைத் தட்டினார். ஸ்டெபி பிள்ளையை மாமனார் மடியில் கொடுத்துவிட்டு வெளியே போனாள்.

கிங்ஸ்லி கருவிப் பெட்டியை வண்டியில் ஏற்றும்போது அவள் அங்கே நின்றுகொண்டிருந்தாள்.

"நான் ரெண்டு பையில துணி எடுத்து வச்சிருக்கேன். போவமா?"

"ஏட்டி, அதுதான் மாத்திக் குடுக்கேன்னு சொல்லிட்டேன்லா."

"உன் சாமான்தான் கெட்டதுன்னு இத்தன பேரு முன்னால நீயே சொல்லிட்ட. இனி நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இங்கன இருப்பேன்? உண்மையச் சொல்லு, அண்ணே. மாமி போன்ல என்ன சொன்னாவ? உன் வேலைய எனக்குத் தெரியும். சின்ன வயசுல இருந்து பாக்கேன், நீ ஒரு ஆணிய அரைகொறையா அடிக்க மாட்ட."

அவன் மறைக்கத்தான் பார்த்தான். முடியவில்லை. சாளை நெய், தேரி மண், சுவரைப் பார்த்துப் படுத்த மனுசன், எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடித்து, "அவரு நெஞ்சு அப்படி, பிள்ள. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டுன்னா? என் பேரு போனாப் போகுது" என்றான்.

"உன் பேரு எங்க போச்சு? நீ வண்டியேறிப் பாளையங்கோட்டைக்குப் போயிருவ. மாமிக்கு அவுக புருசன் வேணும், உனக்கு நல்லவன்னு ஒரு பட்டம் வேணும். ரெண்டு பேரும் சேந்து என்னைய வித்துட்டியளே. மாமிக்குத் தெரியும்! தெரிஞ்சே சொல்லியிருக்காவ. வெங்காயம் உரிக்கும்போது, சாப்பிட உக்காரும்போது, கோயிலுக்குப் போவும்போது... ஒவ்வொரு தடவையும் தெரிஞ்சே சொல்லியிருக்காவ." முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு அபிஷா பள்ளிக்கூடம் போனா அதையும் அந்தப் பேரச் சொல்லித்தான் கூப்பிடுவாவ. என்னால முடியாது. நான் மாமாகிட்டச் சொல்லப்போறேன்."

"ஸ்டெபி!"

அவள் நிற்கவில்லை.

கூட்டம் கலைந்துவிட்டிருந்தது. அம்புரோஸ் நாற்காலியில் சாய்ந்திருக்க, பேத்தி அவர் மார்பில் தூங்கிக்கொண்டிருந்தது. பவுலின் பக்கத்தில் தரையில் இருந்தாள். மருமகள் வந்து நின்ற நிலையைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. "ஸ்டெபி, வேண்டாம், மக்கா" என்றாள். அந்த வீட்டில் அவள் மருமகளைப் பெற்ற பிள்ளையைப் போல மக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

ஸ்டெபி மாமனாரின் காலடியில் உட்கார்ந்தாள். கத்திச் சொல்ல வேண்டும் என்றுதான் வந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் குரல் தாழ்ந்துவிட்டது.

"மாமா, நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சிய. ஆனா அந்த எண்ணெயினாலதான் ஜன்னல் கெட்டுச்சு. சாளை நெய் காஞ்சு உள்ள ஒட்டிக்கிட்டு. எங்க அண்ணன் சாமான்ல கொற இல்ல. உங்களுக்கு நெஞ்சுக்கு ஆகாதுன்னு பொய் சொல்லிட்டான்."

அம்புரோஸ் பிள்ளையை அவள் கையில் கொடுத்துவிட்டு எழுந்து, கழற்றிக் கிடந்த ஜன்னலிடம் போனார். அந்தச் சந்தில் நகத்தை விட்டுச் சுரண்டினார். மோந்து பார்த்தார். விரலிடுக்கில் வைத்து நசுக்கிப் பார்த்தார். அது நசுங்கவில்லை.

"வள்ளத்துலயும் இப்படித்தான் பிடிக்கும்" என்றார். "பிடிக்கணும்னுதானே பூசுதோம். எனக்கு அது தோணலையே." திரும்பினார். "பவுலி, உனக்குத் தெரியுமா?"

பவுலின் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "நீங்க மறுபடியும் சுவரப் பாத்துப் படுத்துக்கிடுவியன்னு பயந்துட்டேன். நான் எங்க போவேன்? பெத்தது ஒண்ணு, அவனும் கப்பல்ல."

"அதுக்கு?"

"அதுக்குத்தான் வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

"நீ எங்கட்டி வாய மூடுன?" என்றார் அம்புரோஸ். சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "என் தப்பத் தூக்கி இந்தப் பிள்ள தலையில வச்சிட்ட. சின்னப் பிள்ள, நம்மள நம்பி வந்தது. நீ அத ஏசுன ஏச்செல்லாம் எனக்குள்ளதுல்லா? நான் அங்கன உக்காந்து கேட்டுச் சிரிச்சிக்கிட்டுல்லா இருந்தேன்."

அவர் உள்ளே போனார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. எங்கே மயங்கி விழுந்துவிடுவாரோ என்று பவுலின் பின்னால் ஓடினாள். அவர் வெள்ளைச் சட்டையும் கரை வேட்டியும் உடுத்திக்கொண்டு வந்தார். தலையில் தண்ணீர் தொட்டுச் சீவியிருந்தார்.

"எங்க கெளம்பிட்டிய இந்த வெயில்ல?"

"வீடு வீடாச் சொல்லப்போறேன். கெட்ட பேரு வீடு வீடாத்தானே போச்சு. நீயும் சேல மாத்திக்கிட்டு வா."

குட்டந்துறையில் கல்யாணம் சொல்லப் போனால் புருசனும் பெண்டாட்டியும் சேர்ந்துதான் போக வேண்டும். ஒருத்தர் மட்டும் போய்ச் சொன்னால் அதை யாரும் அழைப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், வந்ததாகவே கணக்கில்லை. பவுலினுக்கு அது நன்றாகத் தெரியும். "நான் மாட்டேன். தெருவுல என்னையக் கொல்லுததும் ஒண்ணு, இதும் ஒண்ணு" என்று அழுதாள். "ஸ்டெபி, நீ சொல்லு, மக்கா. உங்க மாமாவப் போவேண்டாம்னு சொல்லு. உன் கால்ல விழுதேன்."

ஸ்டெபி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். பவுலினை அவள் பார்த்தாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் போகவேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

பவுலின் முகம் கழுவி, கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். கிங்ஸ்லி வாசலில் குறுக்கே வந்து, "மாமா, எனக்காக வேண்டாம்" என்றான். "உமக்காக இல்லவே" என்று அவனைக் கையால் ஒதுக்கிவிட்டு அம்புரோஸ் இறங்கினார். காற்று வேட்டியைப் பிடித்து இழுத்தது. அவர் முன்னால் நடக்க, பவுலின் ரெண்டு எட்டு பின்னால் நடந்தாள். எதிர்வரிசையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் கையில் பிடித்த துணியோடு பார்த்தார்கள்.

முதல் வீடு இன்பமணி வீடு. அவள் மீன் அவியலுக்குத் தேங்காய் அரைத்த கையோடு ஓடி வந்தாள்.

"வாங்கண்ணே, வா பவுலின். இப்பத்தான் அம்புட்டுப் பாடுபட்டிய, அதுக்குள்ள ரெண்டு பேருமா உடுத்திக்கிட்டு வாறிய? என்ன விசேசம்? பிள்ளைக்குக் காது குத்தா?"

அம்புரோஸ் மனைவியைப் பார்த்தார். "சொல்லு" என்றார்.

ஊரில் யாரையும் பேசவிடாமல் பேசுகிறவள், சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் நின்றாள்.

"ஜன்னல் நல்ல ஜன்னல்தான்க்கா" என்றாள் கடைசியில். "ஸ்டெபி வீட்டுச் சாமான்ல ஒரு கொறையும் இல்ல. நாங்கதான் கெடுத்துட்டோம்."

"நாங்கன்னா? யாரு கெடுத்தா?"

"நாந்தான், இன்பமணி" என்று அம்புரோஸ் நெஞ்சில் கையை வைத்தார். "சாளை நெய்யப் பூசிப் பூசி..."

பவுலின் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இவுக ஜன்னல மட்டுந்தான் கெடுத்தாவ, யக்கா. மத்ததெல்லாம் நான்."